எண்பது இடது பக்கங்கள்

இப்போது கோபப்படக் கூடாது. வீட்டுக்குப் போய், கை கழுவி, விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். எண் சரியாக இருந்தால் அப்புறம் கோபப்படலாம்.

பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை அவள் இதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்குள் கோபம் ஆறிவிடக் கூடாதே என்ற கவலையும் இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை ஏந்திக்கொண்டு நடப்பது மாதிரி, சிந்தாமலும் ஆறாமலும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது.

மற்றவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நினைத்த இடத்தில் கோபப்படுகிறார்கள், நினைத்தபோது அழுகிறார்கள். அவளுக்கு மட்டும் அத்தாட்சி வேண்டியிருக்கிறது. இன்சுலின் போட ஆரம்பித்த இந்த ஒன்றரை வருஷத்தில் வீட்டில் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், கணவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து சுகர் மிஷினை எடுத்துவந்துவிடுவார். குளியலறைக் குழாய் சொட்டுகிறது, ஒரு மாதமாகச் சொல்கிறேன் என்று ஒருநாள் கத்தினாள். "சுகர் பார்த்தியாம்மா?" என்றார். அவ்வளவு அன்பாகக் கேட்டார். பார்த்தாள், நூற்று இருபத்தாறு, சரியான அளவுதான். குழாய் இன்றைக்கும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

பூட்டைத் திறந்து உள்ளே வந்தாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒவ்வொரு கட்டடத்திலும் லிஃப்டுக்குள் தொங்கும் பரிசோதனைத் தாளைப் போலவே இதையும் கட்டம் போட்டுத் தயாரித்திருந்தார். தேதி, நேரம், எண், சாப்பிட்டது, கடைசியில் குறிப்பு. அந்தக் கடைசிக் கட்டம் அவருடைய கையெழுத்தில் நிரம்பிக் கிடந்தது. எரிச்சல். அழுகை. பேசவில்லை. காரணமில்லாமல் சிரிப்பு. லிஃப்டில் சத்தம் வருகிறது, கதவு தாமதமாக மூடுகிறது என்று எழுதுகிற அதே சின்ன எழுத்து. காரணமில்லாமல் சிரித்த அன்றைக்குக் காரணம் இருந்தது. அவர் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏதோ பெரிய விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

கை கழுவித் துடைத்து, விரலைக் குத்தினாள். மிஷின் ஐந்து வரை எண்ணியது. நூற்றுப் பதினெட்டு.

பேனாவை எடுத்து நேரம் எழுதினாள், எண்ணை எழுதினாள். சாப்பிட்டது என்ற கட்டத்தில் நான்கு மணிக்கு ஒரு வாழைப்பழம் என்று எழுதினாள். பேனா கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றது. அதில் இதுவரை அவள் எழுதியதில்லை. கோபம் என்று எழுதினாள்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தாள்.

*

நர்ஸ் கோட்டும் டாக்டர் கோட்டும் தைத்துக் கொடுக்கிற பட்டறையில் அவளுக்குத் துணி வெட்டும் வேலை. பத்தொன்பது வருஷம். நீளமான மேஜையில் நாற்பது அடுக்கு வெள்ளைத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே மாதிரி அட்டையை வைத்துக் கோடு போட்டு, கரண்டில் ஓடும் கத்தியால் நாற்பதையும் ஒரே இழுப்பில் வெட்டுவாள். எதிர்ப்பக்கம் நின்று துணி விரிப்பவளுக்குப் பட்டறையில் ரேடியோ என்று பெயர். காலையில் பூட்டு திறந்ததிலிருந்து சாயங்காலம் பூட்டும்வரை வாய் ஓயாது. அவள் சொல்கிற சேதியில் பாதி பொய், மீதி இன்னும் நடக்காதது என்று தையல்காரர்கள் கிண்டல் செய்வார்கள். ஆறு வருஷமாக அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வெட்டித்தான் அவளுக்குப் பழக்கம்.

கோட்டின் முன்பக்கத்துக்கு ஒரே ஓர் அட்டைதான். அதை வைத்து இடது பக்கத்துக்குக் கோடு போட்டுவிட்டு, அட்டையைக் குப்புறத் திருப்பி வலது பக்கத்துக்குப் போட வேண்டும். திருப்ப மறந்தால் இரண்டுமே இடது பக்கமாகிவிடும். பார்த்தால் தெரியாது, தைக்கும்போதுதான் தெரியும். அதனால் இரண்டு பேரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கத்தியை எடுக்கும் முன் வெட்டுகிறவள் "திருப்பியாச்சு" என்பாள். எதிரில் இருப்பவள் குனிந்து பார்த்து "பாத்தாச்சு" என்பாள். அதற்கப்புறம்தான் சுவிட்ச்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் அவசர ஆர்டர் என்று சீக்கிரமே வரச்சொல்லியிருந்தார்கள். ஊசி போட்டுக்கொண்டாள், சாப்பாட்டைப் பட்டறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று டப்பாவில் கட்டிக்கொண்டாள். டப்பா பையிலேயே இருந்தது, சுகர் இறங்கிவிட்டது. ஒன்பதரைக்கு மேல் நடந்தது அவள் நினைவில் பாதிதான் இருக்கிறது. வெள்ளைத் துணியில் கண் கூசியது. ரேடியோவின் குரல் காதுக்குள் ஆணி அடிப்பது மாதிரி இருந்தது. ரேடியோவைப் பார்த்து இவள் ஏதோ சொன்னாள். கத்தி ஓடியது. யாரோ வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினார்கள்.

தான் என்ன சொன்னாள் என்பதைப் பிற்பகலில் தையல்காரர் ஒருவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உன் புருஷன் ஏன் ஓடிப்போனான்னு இப்பத்தான் புரியுது. இந்த வாயோட எவன் குடித்தனம் பண்ணுவான்."

நாற்பது கோட்டுக்கு எண்பது இடது பக்கம். வலது பக்கம் ஒன்றுகூட இல்லை.

மறுநாளிலிருந்து எல்லாரும் அவளிடம் மெதுவாகப் பேசினார்கள். அவள் வந்தால் கதவைத் திறந்து பிடித்தார்கள். கனமான எதையும் தூக்க விடவில்லை. "அது நீங்க பேசல அக்கா, சுகர் பேசுச்சு" என்று ஆளுக்கு ஒருமுறை சொன்னார்கள். அவளும் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். ரேடியோவிடம் போய், "உடம்பு முடியாம ஏதோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத" என்றாள். ரேடியோ, "பரவால்ல அக்கா" என்றாள். அந்த இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா ஊசி அளவைக் குறைத்தார். "நேரத்துக்குச் சாப்பிடுங்க. கத்தியைத் தொடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் விரலைக் குத்திப் பாருங்க. வேலையை விடுங்கன்னு நான் சொல்லல." ஆனால் பட்டறையில் அவளைத் தற்காலிகமாக ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். தைத்து வரும் கோட்டுகளில் பிசிறு நூலைக் கத்தரிப்பதும் பொத்தான் சரியா என்று பார்ப்பதும் வேலை. நல்ல வெளிச்சம், நல்ல காற்று. உடம்புக்கு இதமான இடம். அங்கே உட்கார்ந்திருந்தால் நாள் முழுக்க உடம்பின் ஞாபகமாகவே இருந்தது. கால் மரத்திருக்கிறதா, கை நடுங்குகிறதா, இது பசியா, பயமா. மேஜையில் நின்று வெட்டும்போது அவளுக்கு உடம்பே இல்லாதது மாதிரி இருக்கும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஆபத்தும் அதேதான் என்று தெரியாமலில்லை.

இன்று காலை முதலாளியம்மா ஒரு தாளைக் கொடுத்தார். உடல்நிலை காரணமாக வெட்டும் பணியிலிருந்து விலகி, சரிபார்க்கும் பணியை நிரந்தரமாக ஏற்கிறேன். கீழே கையெழுத்துக்கு இடம்.

"சம்பளம் அதேதான். நான் வற்புறுத்தல. நாற்காலி வேணும்னா நாளைக்குக் கையெழுத்தோட வா. இல்லேன்னா எட்டு மணிக்கு நேரா மேஜைக்கு வா. ஆனா ரெண்டுல ஒண்ணு சொல்லிடணும். மேஜைக்கு வேற ஆள் போட்டுட்டா அப்புறம் அவங்கள எழுப்ப முடியாது. மேஜைக்கே வந்து இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, அப்ப நாற்காலியும் இருக்காது. அதையும் சொல்லிடறேன்."

சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு ரேடியோவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நாளைக்கு எந்தப் பக்கம் போனாலும் இது ஒன்று பாக்கியிருந்தது.

"அன்னைக்கு நான் பேசினது..."

"அதான் சொன்னீங்களே அக்கா. சுகர் பேசுச்சு." ரேடியோ ரொட்டியைப் பிய்த்தாள். "எனக்கு ஒண்ணுதான் புரியல. என் புருஷன் ஓடிப்போனது சுகருக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்திலிருந்து வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"சுகருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். எப்பவோ ஒருநாள் வேலை முடியற நேரத்துல, தலைவலியோட நின்னுட்டிருந்தப்போ, அப்படி ஒரு நினைப்பு வந்துச்சு. ஒரு நிமிஷம் கூட இருக்காது. ஆனா வந்துச்சு. நல்ல மனுஷி மாதிரி கதவைச் சாத்தி வெச்சுட்டேன். அன்னைக்குக் கதவு திறந்துடுச்சு. திறந்தது சுகர். உள்ள இருந்தது நான். மன்னிச்சுடு."

ரேடியோ பிய்த்த ரொட்டியை டப்பாவிலேயே திரும்பப் போட்டாள்.

"இத முதல் நாளே சொல்லியிருந்தா, நான் மூணு வாரம் வாய மூடிட்டு இருந்திருக்க வேண்டாம்ல. எவ்வளவு சேதி சேர்ந்துபோச்சு தெரியுமா உள்ள."

"சொல்லு."

"சொல்றேன். முதல்ல ஒண்ணு சொல்லணும்." ரேடியோவின் குரல் தணிந்தது. "அன்னைக்கு நீங்க அட்டையத் திருப்பல. 'திருப்பியாச்சு'ன்னும் சொல்லல. நான் பாத்தேன் அக்கா. எனக்குத் தெரிஞ்சுது. வெட்டட்டும்னு விட்டுட்டேன். அவ்வளவு எரிஞ்சுது எனக்கு. கத்தி ஓட ஆரம்பிச்சப்புறம்தான் உங்க முகம் வேர்த்திருந்ததையே கவனிச்சேன். அப்புறம் சர்க்கரைத் தண்ணி கரைச்சது நான்தான்."

அந்தத் தண்ணீரில் உப்புக் கரித்தது மாதிரி ஒரு நினைவு அவளுக்கு இருந்தது. அழுதுகொண்டே கரைத்திருக்கிறாள்.

"முதலாளியம்மாகிட்ட சொல்லிடவா?" என்றாள் ரேடியோ.

"எதுக்கு?"

"பழி முழுக்க உங்க உடம்பு மேல விழுந்திருக்கே."

"என் உடம்பு மேல ஏற்கெனவே நிறைய இருக்கு. இதுவும் கிடக்கட்டும். உன் வேலை போயிடுச்சுன்னா நீ யார்கிட்ட போய்ப் பேசுவ?"

ரேடியோ முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆறு வருஷத்துப் பழக்கம் மூன்றே நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டது. மாடி வீட்டு நாய், தம்பி பெண்டாட்டியின் புதுப் பல், பட்டறை வாட்ச்மேனின் காதல் என்று வரிசையாக இறக்கினாள். நடுவில், போகிற போக்கில் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன் அக்கா. போன வாரம் வந்து முதலாளியம்மாகிட்ட எவ்வளவு கெஞ்சினார். நான் பொத்தான் எடுக்க உள்ள போயிருந்தேன். 'மேஜை மட்டும் வேண்டாம்மா, அந்த நாற்காலியையே கொடுத்துடுங்க. நான் கேட்டேன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்'னு..."

பிறகுதான் தான் சொன்னது ரேடியோவின் காதிலேயே விழுந்தது.

*

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அவர் செருப்பைக் கழற்றி, கருவிப் பையைக் கதவோரம் வைத்துவிட்டு, வழக்கம்போல் முதலில் குளிர்சாதனப் பெட்டியிடம் போனார். அவள் முகத்தைப் பார்ப்பது எப்போதும் அதற்கு அப்புறம்தான்.

"நூத்திப் பதினெட்டு. அருமை" என்றார். பிறகு கண் கடைசிக் கட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். 

"கோபம்னு எழுதியிருக்கே."

"ஆமா."

"யார் மேல?"

"உங்க மேல."

அவர் மறுபடி எண்ணைப் பார்த்தார். "இன்னொரு தடவ பாத்துடலாமா? இந்த மிஷின் சில நேரம்..."

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் முதலாளியம்மா கொடுத்த தாளைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் அதைப் படிக்கவில்லை. படிக்காததிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்" என்றாள். கத்த வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் ஏந்திக்கொண்டு வந்தாள். ஆனால் குரல் சாதாரணமாகவே வந்தது. கோபம் நிஜம் என்று ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டால் கத்தத் தேவையில்லை போலிருக்கிறது. "எனக்கு எது முடியும், எது முடியாதுன்னு நீங்களும் முதலாளியம்மாவும் பேசி முடிச்சுட்டீங்க. நான் என்ன, ரிப்பேருக்கு வந்த லிஃப்டா? என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, 'பயமா இருக்கு, போகாத'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ கேக்க மாட்டே."

"கேக்கறதும் கேக்காததும் என் முடிவாத்தானே இருக்கணும்."

அவர் கைகளை மேஜைமேல் வைத்திருந்தார். நகக்கண்களில் கிரீஸ் கறுத்திருந்தது. எத்தனை தேய்த்தாலும் போகாது.

"நேத்து ஒரு ஒன்பது மாடிக் கட்டடம்" என்றார். "மேல நின்னு பிரேக் மாத்திட்டிருந்தேன். போன் அடிச்சுது. உன் பட்டறைலேருந்துன்னு நினைச்சுட்டேன். அந்த ஒரு நொடி... கையில பிடியே இல்ல. ஸ்பானர் விழுந்துடுச்சு. ஒன்பது மாடியும் இடிச்சு இடிச்சு இறங்கற சத்தம் கேட்டுது. கீழ யாரும் இல்ல. இருந்திருந்தா..."

"போன் யாரு?"

"இன்டர்நெட் கனெக்‌ஷன் வேணுமான்னு ஒரு பொண்ணு. வேண்டாம்மான்னு சொன்னேன். 'ஏன் சார் அழறீங்க'ன்னு கேட்டுது."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை. எட்டு மாதத்துக்கு முன் குளியலறைத் தரையில் அவளைக் கண்டெடுத்தவர் அவர். பல் கிட்டித்துப்போயிருந்த வாயில் கரண்டியை நுழைத்துத் திறந்தவர். அவளுக்கு அந்த அரை மணி நேரம் ஒரு வெற்றிடம். அவருக்கு அது இன்னும் முடியவில்லை. தூக்கத்தில் அவள் மூச்சு கொஞ்சம் மெதுவானால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். நண்பர்கள் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். நோய் அவள் உடம்பில், காவல் அவர் உடம்பில் என்று இருவரும் எப்போது பங்கு பிரித்துக்கொண்டார்கள் என்று அவளுக்கு நினைவில்லை.

"இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்றது? ஸ்பானர் விழுந்தா எழுதிக் கொடுக்கணும். எழுதல."

"உங்களுக்கும் ஒரு தாள் ஒட்டணும் போல."

"ஒட்டு. குறிப்புல என்ன எழுதுவ?"

"பயம். தூக்கமில்ல. பொண்டாட்டிகிட்ட மறைக்கறார்."

இப்போது சிரிப்பு வந்தது அவருக்கு. கண்ணும் கூடவே கலங்கிவிட்டது. அவள் கையை நீட்டி அந்தக் கறுத்த விரல்களின் மேல் வைத்தாள். அவளுடைய விரல் நுனிகளில் ஊசி குத்திய சின்னச் சின்னப் புள்ளிகள். கோபம் போய்விடவில்லை, உள்ளேயேதான் இருந்தது. கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டிருந்தது, அவ்வளவுதான்.

அவர் இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றித் தாளின்மேல் வைத்து, தாளை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"நான் கேட்டது தப்பு. உனக்குத் தெரியாமக் கேட்டது பெரிய தப்பு. இப்ப நேரா உன்கிட்டயே கேக்கறேன். போட்டுடும்மா. எனக்காக. அந்தக் கத்தி உன் கையில இருக்கற வரைக்கும் என்னால வேலை செய்ய முடியாது."

அவள் தாளைப் பார்த்தாள். உடல்நிலை காரணமாக. ஒரு வார்த்தை சொன்னால் போதும்: அந்த எண்பது பக்கத்துக்கு என் சுகர் மட்டும் காரணமில்லை, எதிரில் ஒருத்தி பார்த்துக்கொண்டே விட்டுவிட்டாள். சொன்னால் அவருடைய பயத்தில் பாதி இறங்கும். ஆனால் அது ரேடியோ அவளிடம் நம்பிக் கொடுத்தது. அதை எடுத்துச் செலவழிக்க அவளுக்கு உரிமையில்லை. தவிர, மேஜை வேண்டும் என்பதற்கு அது காரணமும் இல்லை.

"மூணு வாரமா நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன்" என்றாள். "கத்தியத் தொடவே இல்ல. நீங்க ஒரு ராத்திரியாவது தூங்கினீங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"இல்ல."

"நேத்து ஸ்பானர் விழுந்தப்போ நான் எங்க இருந்தேன்?"

"நாற்காலியில."

"நாளைக்கு சாயங்காலம் ரெண்டு பேருமா டாக்டரம்மாகிட்ட போவோம். எனக்காக இல்ல. உங்க கையில பிடி விட்டுப்போனதச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை சீட்டாடப் போங்க. கத்தியத் தொடறதுக்கு முன்னாடி விரலக் குத்திப் பாப்பேன். எதிர்ல நிக்கறவ எண்ணைப் பாத்துட்டுத்தான் துணிய விரிப்பா. அவகிட்ட கேட்டாச்சு. சரின்னுட்டா. அந்த எண்ணையும் ஊருக்கே சொல்லிடுவா, அது வேற விஷயம்."

"இதுக்கெல்லாம் சரி" என்றார். "எல்லாத்துக்கும் வரேன். இது மட்டும்..." விரலால் தாளைத் தொட்டார். அந்தக் கண்களை அவளால் நேராகப் பார்க்க முடிந்தது. அவற்றில் அதிகாரம் எதுவுமில்லை, களைப்புதான் இருந்தது. இந்த முகத்துக்கு இல்லை என்று சொல்வது யாரோ ஒருவரின் முகத்துக்குச் சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. "இது மட்டும் எனக்காகப் போடு."

குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைத் தேடி மாட்டி, அழுத்தி, எழுந்து மேஜையைச் சுற்றி அவர் பக்கம் வந்து, அதை அவருடைய சட்டைப் பையில் திரும்பச் செருகினாள். கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் அங்கே வைத்திருந்தாள்.

"மாட்டேங்க" என்றாள்.